உலர்துறையிலிருந்து வெளிவரும் கப்பலின் முதல் பயணத்தில் ஏறலாமா?

கப்பலை உள்ளே விட்டு, நீரை வெளியேற்றி, அடிப்பகுதி வரை பழுதுபார்க்கும் தொட்டிதான் உலர்துறை. அதில் மூன்று வாரம் நின்று புதுப்பிக்கப்படும் ஒரு பயணிகள் கப்பல், அங்கிருந்து வெளியே வந்த இரண்டாம் நாளே சிங்கப்பூரிலிருந்து ஐந்து இரவுப் பயணம் புறப்படுகிறது. அந்தப் பயணத்துக்கு எழுபது வயதான, ஆஸ்துமா உள்ள அம்மாவையும் சேர்த்து நான்கு பேருக்கு முன்பதிவு செய்திருக்கிறீர்கள். கப்பல் புத்தம் புதிதாக இருக்கும் என்று முகவர் சொல்கிறார், முதல் பயணத்தில் ஏறவே கூடாது என்று உங்கள் மைத்துனர் சொல்கிறார், இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பயணிகள் கப்பல்களின் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நான்கு முறை கப்பலோடு உலர்துறைக்குள் போய், நான்கு முறையும் அதற்கடுத்த முதல் பயணத்தில் பணியில் இருந்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தின் நிலைமையில் மைத்துனர் சொல்வதே சரி என்பது என் கருத்து. காரணங்களைத் தெரிந்துகொண்டால் நீங்களே எடைபோட்டு முடிவெடுக்கலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கப்பலை உலர்துறையில் ஏற்றுவது கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஐந்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு முறை கப்பலின் அடிப்பகுதியை நீருக்கு வெளியே வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அடிப்பகுதியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, ப்ரொப்பெல்லர் தண்டின் சீல்களை மாற்றுவது, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளைப் பிரித்துப் பார்ப்பது போன்றவையே அங்கே நடக்கும் அடிப்படை வேலைகள். பயணிகளை இறக்கிவிட்டு எப்படியும் மூன்று வாரம் கப்பல் நிற்கிறதே என்று, அதே நாட்களுக்குள் கம்பளம் மாற்றுவது, குளியலறைகளை இடித்துக் கட்டுவது, புதிய உணவகம் திறப்பது, நீர்ச்சறுக்கு அமைப்பது என்று எல்லாவற்றையும் கம்பெனிகள் திணித்துவிடுகின்றன. விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாம் வகை வேலைகளைத்தான். முதல் பயணத்தில் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை பிறப்பதும் இவற்றிலிருந்துதான்.

கப்பல் உலர்துறைக்குப் போகும் நாளும் அதிலிருந்து வெளியே வரும் நாளும் ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே குறிக்கப்படுகின்றன. அந்த நாளை நம்பி முதல் பயணத்தின் டிக்கெட்டுகள் விற்கப்படுகின்றன. ஆனால் ஒரு சுவர்ப் பலகையைக் கழற்றினால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் குழாய் துருப்பிடித்திருப்பது தெரியும். ஒரு தொட்டியைத் திறந்தால்தான் அதன் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். வேலை வளர்ந்துகொண்டே போகும், நாள் மட்டும் நகராது. கடைசி வாரத்தில் எதை முடிப்பது, எதை விடுவது என்று தினமும் காலையில் கூடிப் பேசுவோம். சான்றிதழுக்குத் தேவையானதை யாராலும் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பான வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளர் கையெழுத்திடாமல் கப்பல் நகராது. ஆகவே தள்ளிப்போடப்படுவது எப்போதும் பயணிகளின் வசதி சார்ந்த வேலைகள்தாம்: ஒரு அடுக்கின் கம்பளம், சில கேபின்களின் குளியலறைக் கதவு, நீச்சல் குளத்தின் ஓடு. அவற்றை முடிக்க ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலிலேயே தங்கி, உங்களோடு கடலுக்கு வருவார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது, அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. கப்பலின் பல இயந்திரங்கள் கடல்நீரை நம்பியே ஓடுகின்றன. ஏர் கண்டிஷனிங் சில்லர்களைக் குளிர்விப்பது கடல்நீர். பிரதான எஞ்சின்களின் சூட்டை எடுத்துச் செல்வதும் கடல்நீர். குடிநீரைக் காய்ச்சி எடுப்பதும் கடல்நீரிலிருந்துதான். உலர்துறையில் கட்டைகளின் மேல் நிற்கும் கப்பலுக்குக் கீழே கடல் இல்லை. கரையிலிருந்து வரும் மின்சாரத்தில் விளக்குகளும் சில விசிறிகளும் ஓடும், அவ்வளவுதான். ஆகவே மூன்று வாரம் பிரித்துப் பூட்டிய அத்தனையையும் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க, துறைக்குள் நீரை விட்டுக் கப்பல் மிதந்த பிறகு கிடைக்கும் ஓரிரு நாட்கள் மட்டுமே உண்டு. அந்த நாட்களிலும் கப்பலில் பயணிகள் இருக்க மாட்டார்கள். மாலை ஆறரை மணிக்கு, இரவு உணவுக்கு முன், மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் குளிக்கும் சுமையைச் செயற்கையாக உண்டாக்க எந்த எஞ்சினியராலும் முடியாது. முதல் பயணத்தின் முதல் மாலைதான் உண்மையான சோதனை.

கழிப்பறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இருப்பவை வேக்யூம் கழிப்பறைகள்; ஒரு பகுதியில் உள்ள பல கேபின்கள் ஒரே உறிஞ்சு குழாயில் இணைந்திருக்கும். ஓர் இடத்தில் வால்வு சரியாக மூடாவிட்டால், அங்கே காற்று கசிந்து, அந்த வரிசை முழுவதற்கும் உறிஞ்சும் வலு போய்விடும். ஒரு முறை, நாங்கள் துறையிலிருந்து வெளியே வந்த இரண்டாம் இரவு, ஏழாம் அடுக்கின் முன்பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கேபின்களில் கழிப்பறை வேலை செய்யவில்லை. பம்ப் அறையில் அளவுமானியின் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பிளம்பரும் நள்ளிரவு தாண்டியும் ஒவ்வொரு கேபினாகக் கதவைத் தட்டி, சுவர்ப் பெட்டியைத் திறந்து, குழாயில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனோம். முப்பத்தோராவது கேபினில் அந்தச் சீறல் கேட்டது. வால்வைக் கழற்றியபோது உள்ளே இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு உறைந்துபோன ஓடு ஒட்டும் சாந்துத் துண்டு ஒன்று. குளியலறைக்கு ஓடு பதித்த யாரோ, மிச்சமிருந்த சாந்தைக் கழிப்பறையில் கொட்டி ஃபிளஷ் செய்திருக்கிறார். அந்தக் கேபினில் இருந்த முதிய தம்பதியர் இரவு உடையோடு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் முழுக் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் என்பதை நினைத்து நான் கூசிப்போனேன். அதே வாரத்தில் வேறு இடங்களிலிருந்து மரத்தூளும், துணிக் கந்தலும், ஒரு கையுறையும் எடுத்தோம்.

தண்ணீரைப் பற்றி உங்கள் அம்மாவுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். கேபின் குழாய்களில் மூன்று வாரம் நீர் ஓடாமல் தேங்கி நிற்கிறது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தேங்கிய வெதுவெதுப்பான நீரில், குறிப்பாக 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நன்கு வளரும். அந்த நீரைக் குடிப்பதைவிட, ஷவரிலிருந்தும் குமிழியிடும் வெந்நீர்த் தொட்டியிலிருந்தும் எழும் நுண்திவலைகளைச் சுவாசிப்பதால்தான் நிமோனியா போன்ற கடும் நோய் வருகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இதைத் தடுக்கத் தெளிவான நடைமுறை இருக்கிறது. உதாரணமாக, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கு வகுத்துள்ள சுகாதார விதிகளின்படி, பழுதுபார்க்கப்பட்ட குடிநீர்க் குழாய்களைப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன், பத்து லட்சத்துக்கு 50 பங்கு குளோரின் கலந்த நீரைக் குறைந்தது நான்கு மணி நேரம் நிறுத்திவைத்துக் கழுவ வேண்டும். பொறுப்பான கப்பல்கள் இதைச் செய்கின்றன. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேபின்களில் ஒவ்வொரு குழாயையும் திறந்து அந்த நீர் கடைசி முனை வரை வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது மனிதர்கள் செய்யும் வேலை. அதுவும் மூன்று வாரம் சரியாகத் தூங்காத மனிதர்கள் செய்யும் வேலை.

பசை, பெயின்ட், புதுக் கம்பளம் ஆகியவற்றின் வாடை அடுத்தது. மூடிய இடத்தில் அந்த ஆவி வெளியேற நல்ல காற்றோட்டம் வேண்டும். ஆனால் ஏர் கண்டிஷனிங்கே அப்போதுதான் மீண்டும் உயிர்பெறுகிறது, அதன் குழாய்களுக்குள் மரத்தூளும் ஜிப்சம் தூளும் படிந்திருக்கும். முதல் இரண்டு நாள் காற்றுத் துவாரங்களிலிருந்து மெல்லிய வெண்தூள் படுக்கை மேல் உதிர்வதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். ஆரோக்கியமானவர்களுக்கு இது தும்மலோடு போய்விடும். ஆஸ்துமா உள்ளவருக்கு, அதுவும் ஜன்னலே இல்லாத உள் கேபினில், ஐந்து இரவு என்பது சின்ன விஷயம் அன்று.

இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்குக் கப்பல் துறையில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் க்யூ.இ.2 என்று அழைக்கப்பட்ட குயின் எலிசபெத் 2. குனார்ட் நிறுவனத்தின் அந்தப் புகழ்பெற்ற கப்பல் 1994 இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள புளோம் அண்டு ஃபோஸ் தளத்தில் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டது; கேபின்களின் குளியலறைகளை மாற்றுவது அதில் முக்கிய வேலை. டிசம்பர் 17 அன்று சௌத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிறிஸ்துமஸ் காலப் பயணம் புறப்பட வேண்டும். வேலை முடியவில்லை. கேபின்கள் தயாராகாததால் நூற்றுக்கணக்கான பயணிகள் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஏறியவர்கள் வேலை செய்யாத கழிப்பறைகளுக்கும், ஒழுகும் குழாய்களுக்கும், தூசுக்கும், இரவு பகலாகச் சுத்தியல் தட்டும் தொழிலாளர்களுக்கும் நடுவே அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். நியூயார்க் சேர்ந்ததும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை கப்பலைச் சோதித்து, பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் வரை அடுத்த பயணத்துக்குப் புறப்பட விடவில்லை. வழக்குகளும் இழப்பீடும் தொடர்ந்தன, நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பதவி இழந்தார். புறப்படும் தேதியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தத் துணிவு அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

அதன் பிறகு கம்பெனிகள் ஓரளவு கற்றுக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கார்னிவல் டெஸ்டினி என்ற கப்பல் 15.5 கோடி டாலர் செலவில் கார்னிவல் சன்ஷைன் ஆக மாற்றப்பட்ட 2013-இல், இத்தாலியில் 49 நாள் என்று குறிக்கப்பட்டிருந்த வேலை 75 நாளாக நீட்டிக்கப்பட்டது. அதற்காக இரண்டு பயணங்களை முன்கூட்டியே ரத்து செய்தார்கள். சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கப்பலும் இந்த வரிசையில் வருகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய கார்டீலியா எம்ப்ரெஸ், அதற்கு முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்தின் எம்ப்ரெஸ் ஆஃப் த சீஸ் ஆக இருந்தது. 2016-இல் அது புதுப்பிக்கப்பட்டபோது சமையற்கூடத்திலும் உணவுப் பொருள் சேமிப்பு அறைகளிலும் எதிர்பார்த்ததைவிட அதிக வேலை இருப்பது தெரியவந்து, தொடர்ச்சியாகப் பல பயணங்கள் ரத்தாயின. ரத்து என்பது விடுமுறைக்குத் திட்டமிட்டவர்களுக்கு வேதனைதான். ஆனால் அரைகுறைச் சமையற்கூடத்தோடு புறப்படுவதோடு ஒப்பிட்டால் அதுவே நேர்மையான முடிவு.

சில சமயம் எதிர்பாராத விபத்தும் குறுக்கிடும். 2019 ஏப்ரல் 1 அன்று பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் தளத்தில், ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலின் அஸிபாட் உந்துகருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தபோது, கிரேன் ஒன்று கப்பலின் மேல் சரிந்து விழுந்து எட்டுப் பேர் காயமடைந்தனர். கப்பல் ஸ்பெயினின் காடிஸ் நகருக்குப் போய்ச் சரிசெய்யப்பட்டது, மூன்று பயணங்கள் ரத்தாயின. பெரிய கப்பல்களைத் தாங்கும் உலர்துறைகள் உலகில் மிகக் குறைவு என்பதால், ஒன்றில் நேரும் விபத்து மற்றக் கப்பல்களின் அட்டவணையையும் குலைத்துவிடும். அதே ஆண்டு ஜூலையில் கார்னிவல் விஸ்டா கப்பலைப் பழுதுபார்க்க இடம் இல்லாமல், போக்கா வான்கார்ட் என்ற பாரந்தூக்கும் கப்பலின் முதுகில் அதை அப்படியே ஏற்றி வேலை செய்தார்கள்.

இன்னொரு வகையும் உண்டு: உலர்துறைக்குப் போகும் முன்பே, பயணிகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது. 2018 மார்ச்சில் மயாமியிலிருந்து பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற நார்வீஜியன் சன் கப்பலில் இப்படி நடந்து, தூசும் இரைச்சலும் இரசாயன வாடையும் தாங்காமல் பயணிகள் கொதித்தெழுந்தார்கள். முதலில் கட்டணத்தில் 25 சதவீதத்தை அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்ன நிறுவனம், எதிர்ப்புக்குப் பிறகு முழுக் கட்டணத்துக்கும் ஈடான சலுகை தந்தது. ஆகவே உலர்துறைக்கு முந்தைய கடைசிப் பயணமும் பாதுகாப்பான தேர்வு என்று எண்ணிவிட வேண்டாம்.

பணியாளர்களை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. உலர்துறை நாட்களில் அறைப் பணியாளர்களும் உணவுப் பரிமாறுபவர்களும் விடுமுறையில் இருப்பதாகப் பயணிகள் நினைக்கிறார்கள். அவர்களில் பலர் கப்பலிலேயே தங்கி, குப்பை சுமந்து, படுக்கைகளை மூடி, தீக்காவல் நின்று, ஏர் கண்டிஷனிங் இல்லாத கேபினில் தூங்கி எழுந்து, பயணிகள் ஏறும் காலையில் இஸ்திரி போட்ட சீருடையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிங்கப்பூர் செம்பவாங் போன்ற தளங்களில் அந்தக் கப்பலை உரசி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடிப்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புதிய உணவகத்தில் மேசை எண்களே மனப்பாடம் ஆகாத நிலையில் முதல் இரவு சாப்பாடு தாமதமானால், அந்தக் கோபத்தைப் பரிமாறுபவர் மேல் காட்டுவது நியாயம் இல்லை. தேதியை முடிவு செய்தவர் கப்பலில் இருக்க மாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கப்பல் மூழ்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். உயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, அப்போதுதான் அடிப்பகுதியும் தீயணைப்புக் கருவிகளும் உயிர்காக்கும் படகுகளும் ஆய்வு செய்யப்பட்ட கப்பல் அது. நான் பேசுவது வசதியையும் ஆரோக்கியத்தையும் பற்றி மட்டுமே.

இழப்பீடு விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் 2013-இல் வெளியிட்ட பயணிகள் உரிமை அறிக்கை, இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணமும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும் என்கிறது. நீச்சல் குளம் மூடியிருந்ததற்கும், தலைக்கு மேல் துளையிடும் சத்தம் கேட்டதற்கும் அதில் எதுவும் இல்லை. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தமோ, வசதிகளை முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமையைப் பொதுவாக நிறுவனத்துக்கே தருகிறது. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்கும். அத்தகைய நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பிரிட்டனில் வாங்கிய சுற்றுலாத் தொகுப்பாக இருந்தால் 2018-இல் வந்த விதிகளின்படி, ஒப்புக்கொண்டது கிடைக்காதபோது விலைக்குறைப்புக் கேட்க முடியும். உங்கள் நிலைமை அது இல்லை. நடைமுறையில் கிடைப்பது கப்பலில் செலவழிக்கும் சிறு தொகையோ, அடுத்த பயணத்தில் தள்ளுபடியோதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, இறுதித் தவணை கட்டும் நாளுக்கு முன்பே முகவரை அழைத்து, அதே கப்பலின் மூன்றாவது அல்லது நான்காவது பயணத்துக்கு மாற்றச் சொல்வது. அந்த நாளுக்கு முன் மாற்றினால் பொதுவாக அபராதம் இருக்காது, இருந்தாலும் சிறிதாக இருக்கும். மூன்றாவது பயணத்துக்குள் வால்வுகள் அடங்கிவிடும், பசை வாடை தணிந்துவிடும், பரிமாறுபவர்களுக்கு மேசை எண் பழகிவிடும், புதிய வசதிகளோ அப்படியே புதிதாக இருக்கும். உங்கள் இருவருக்கு மட்டும் என்றால், விலை உண்மையிலேயே மலிவாக இருந்தால், முதல் பயணத்துக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆஸ்துமா உள்ள எழுபது வயது அம்மாவோடு வேண்டாம்.

மாற்றவே முடியாமல் போனால், பால்கனி உள்ள கேபினாகக் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறந்துவைக்க முடியும் என்பதே அதன் பெரிய நன்மை. எந்த அடுக்குகளில் வேலை நடந்தது என்று முகவர் மூலம் எழுத்தில் கேட்டு, அந்த அடுக்கையும் அதற்கு நேர் கீழ் அடுக்கையும் தவிருங்கள். கேபினுக்குள் போனதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கழிப்பறையை ஃபிளஷ் செய்து, குளிர்ச்சியைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள். ஷவரைச் சூடான நீரில் திறந்துவிட்டு, குளியலறைக் கதவை மூடிக்கொண்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இதை அம்மா செய்யாமல் நீங்கள் செய்யுங்கள். வெந்நீர்த் தொட்டிப் பக்கம் அம்மா இந்தப் பயணத்தில் போக வேண்டாம். இன்ஹேலரைச் சரக்குப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். குறை எதுவானாலும் அன்று மாலையே, வரவேற்பு மேசையில் வரிசை நீள்வதற்கு முன், படத்தோடு சொல்லிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். காலியாக இருக்கும் ஒன்றிரண்டு கேபின்கள் முதலில் வந்து கேட்டவர்களுக்கே போகும்; மறுநாள் காலையில் கேட்டால் இருக்காது.